டவாலி தானியேல் ஏலம் விட்ட சிவப்பு மீன்

தானியேல் அண்ணனுக்கு ஆண்டவர் தாராளமாகக் கொடுத்தது தொண்டை ஒன்றுதான். மற்றதெல்லாம் அளந்துதான் கொடுத்திருந்தார். குட்டையான ஆள், ஒல்லி, பாதி வழுக்கை. முன்சீப் கோர்ட்டில் டவாலி உத்தியோகம். தோளுக்குக் குறுக்கே சிவப்புப் பட்டையும் அதில் பித்தளை வில்லையுமாக வாசலில் நின்று, கட்சிக்காரர்களின் பெயரை மூன்று முறை கூப்பிட வேண்டும். அவர் கூப்பிட்டால் புளியமரத்தடியில் தூங்குகிறவன்கூட வேட்டியை இறுக்கிக்கொண்டு ஓடி வருவான். பாளையங்கோட்டையில் எங்கள் வீடும் அவர் வீடும் ஒட்டுச்சுவர். அவர் விடியற்காலையில் ஜெபம் பண்ணினால் நாம் தனியாகப் பண்ண வேண்டியதில்லை என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

அந்தத் தொண்டைக்காகவே எங்கள் சபைச் சங்கம் அறுப்பின் பண்டிகை ஏலத்தை வருஷா வருஷம் அவரிடம் ஒப்படைத்திருந்தது. பிசான நெல் அறுப்பு முடிந்து பங்குனி வெயில் தொடங்கும்போது வருகிற பண்டிகை. நெற்கதிர், வாழைக்குலை, முட்டை, சேவல், கருப்பட்டி என்று அவரவர் வீட்டில் உள்ளதைக் கொண்டுவந்து கோவிலில் படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வளாகத்து வேப்பமரத்தடியில் எல்லாம் ஏலத்துக்கு வரும். மேலப்பாளையத்திலிருந்தும் பத்தமடையிலிருந்தும் முஸ்லிம் வியாபாரிகளும் வருவார்கள். சேவல் எந்தச் சபை என்று யாரும் பார்ப்பதில்லை.

அந்த ஏலத்தில் ஒரு வழக்கம் உண்டு. நல்ல பொருளை ஒருவர் உயர்ந்த விலைக்கு எடுத்தால், எங்கள் போதகரான ஐயர் அவரைப் பார்த்து, "எடுத்துக்கொள்கிறீர்களா, திரும்பப் படைக்கிறீர்களா?" என்று கேட்பார். எடுத்தவர் பணத்தைக் கட்டிவிட்டு, "ஆண்டவருக்கே" என்பார். எல்லோரும் கை தட்டுவார்கள். பொருள் மறுபடியும் ஏலத்துக்கு வரும். ஒரு காலத்தில் ஒரு பணக்காரர் ஒரே ஆட்டுக்கிடாயை எடுப்பதும் கொடுப்பதும் மறுபடி எடுப்பதுமாகத் தன் செல்வாக்கைக் காட்டிக்கொண்டே இருந்தார். ஏழைபாழைகள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்போது இளவட்டமாக இருந்த தானியேல் அண்ணன்தான் சங்கத்தில் எழுந்து, திருப்பிக் கொடுத்தவர் அதே பொருளை மறுபடி கேட்கக் கூடாது என்று தீர்மானம் போட வைத்தார். ஏலம் கூறுகிறவர் தனக்கென்று எதையும் கேட்கக் கூடாது என்பதும் அவர் வைத்த சட்டம்தான். பின்னால் யாரும் அவற்றைச் சொல்லிக் காட்ட வேண்டிய அவசியம் வரவில்லை. கொடுத்தவர்கள் யாரும் திரும்பக் கேட்டதில்லை.

இப்படிப்பட்ட மனுஷனோடு குடித்தனம் நடத்துவது லேசில்லை. அவர் மனைவி யூனிஸ் மைனி நடத்தினாள். ஏரலில் ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவள். பிள்ளை இல்லை. மிஷன் பங்களாவில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். டெல்லி தர்பார் நடந்ததற்கு முந்தின மழைக்காலத்தில் பாரிசவாயு வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. படுத்த இடத்திலேயே இருந்தாள். அதோடு போகாமல் கண்ணிலும் புகை படர ஆரம்பித்தது. முகங்கள் மங்கலாகத் தெரியும். பளிச்சென்ற நிறம் என்றால் தெரியும். அதுவும் கொஞ்ச நாள்தான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். சொல்லியிருக்க வேண்டாம் என்று எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான். தெரிந்துகொண்ட நாளிலிருந்து மைனி பார்க்கிறதற்கு ஏதாவது வேண்டும் என்று தவித்தாள். கூரை ஓடும், சுவரும், பல்லியும்தான் இருந்தன.

அண்ணன் ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட ஒரு பெரிய கண்ணாடி ஜாடியைக் கேட்டு வாங்கி வந்தார். கோர்ட்டு விட்டு வந்து, பட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, துண்டோடு, ஆற்றிலிருந்து வருகிற பாளையங்கால்வாயில் இறங்குவார். அயிரையும் கெண்டைக் குஞ்சும் பிடித்துவந்து ஜாடியில் விட்டுக் கட்டில் பக்கத்தில் வைப்பார். ஆற்று மீன் ஆற்றுத் தண்ணீரின் நிறத்தில்தானே இருக்கும். மைனி வெகுநேரம் உற்றுப் பார்த்தாள்.

"உள்ள ஏதும் கெடக்கா?" என்று கேட்டாள்.

"அந்தா போகுது பாரு." அண்ணன் கண்ணாடியில் விரலை வைத்துக் காட்டினார்.

"விரலு தெரியுது" என்றாள் மைனி.

அந்தக் குஞ்சுகளும் இரண்டொரு நாளில் மிதந்துவிட்டன. ஜாடி காலியாகக் கிடந்தது. அப்போதுதான் பங்களா அம்மா என்று நாங்கள் கூப்பிடுகிற மிஷன் வெள்ளைக்கார அம்மா சீமைக்குத் திரும்புகிறார்கள் என்றும், பங்களா வராந்தாத் தொட்டியில் இருக்கிற சிவப்பு மீன் இரண்டையும் அந்த வருஷப் பண்டிகைக்குப் படைக்கிறார்கள் என்றும் சேதி வந்தது. பட்டணத்திலிருந்து ரயிலில் கொண்டுவந்த மீன்கள். விரல் நீளம், செம்பருத்திப் பூவின் நிறம். நடமாடிய நாட்களில், லேஸ் பின்னுகிற நேரம் போக, மைனி அந்தத் தொட்டி ஓரத்திலேதான் உட்கார்ந்திருப்பாள். அந்தச் சேதியைக் கேட்டதும் அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன்.

"அந்தச் செவப்பு எனக்குத் தெரியும், பாக்கியம்" என்றாள். என் பெயர் பாக்கியவதி. "புகைக்குள்ளயும் அது எனக்குத் தெரியும்."

பத்தமடை பீர் மைதீன் அந்த வாரம் வந்திருந்தார். பாய் வியாபாரி. ஒரு வரப்புத் தகராறில் அவருடைய வழக்கு முன்சீப் கோர்ட்டில் வருஷக்கணக்காக இழுத்துக்கொண்டிருந்தது. வாய்தாவுக்கு வாய்தா தானியேல் அண்ணன் அவர் பெயரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டே இரண்டு பேரும் சிநேகிதர்கள் ஆகிவிட்டார்கள். படுக்கையில் கிடக்கிறவளுக்கு உறுத்தாது என்று மெல்லிய கோரைப்பாய் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். நான் மைனிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். பேச்சு மீனுக்குப் போனது.

"அந்த அம்மாட்ட ஒரு வார்த்த கேட்டாச் சும்மாவே குடுத்துருவாகளே, வே" என்றார் பீர் மைதீன்.

"படைக்கதா சொல்லியாச்சு. சாமிக்குன்னு வச்சத எனக்குத் தாங்கன்னு எப்படிக் கேக்க?" என்றார் அண்ணன்.

"அப்பம் ஏலத்துல எடும்."

"நான் ஏலம் போடுதவன். கேக்கக் கூடாது."

பீர் மைதீன் மைனியைப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார். "உமக்கு இம்புட்டுத் தொண்டயக் குடுத்த அல்லா, கொஞ்சம் புத்தியும் சேத்துக் குடுத்திருக்கலாம்" என்றார்.

அண்ணன் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றவர், வெட்கப்படுகிறவர்போல மெதுவாகச் சொன்னார். "எனக்காக நீரு கேளும், வே. துட்டு நான் தாரேன்."

சட்டத்தில் அந்த இடுக்கு இருந்தது. அதில் நுழைந்துகொள்ள அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று அவர் முகமே சொன்னது. இதில் என்ன பெரிய பாவம் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. மைனி படுக்கையிலிருந்தே, "நான்தான் கேக்கச் சொல்லுதேன். கணக்கு என் பேர்ல இருக்கட்டும்" என்று முடித்துவைத்தாள்.

பண்டிகையன்று நான் கோவிலுக்குப் போகவில்லை. மைனியோடு இருந்தேன். காலையிலேயே ஜாடியைச் சாம்பல் போட்டு விளக்கி, ஆற்றுத் தண்ணீர் நிரப்பி, ஜன்னல் வெளிச்சம் படுகிற மாதிரி கட்டில் பக்கத்தில் வைத்தேன். "அங்கன இல்ல, இன்னும் கொஞ்சம் இங்கன" என்று மைனி நாலு முறை இடம் மாற்ற வைத்தாள். சிக்கு எடுத்துத் தலை பின்னச் சொன்னாள். விருந்தாளி வருகிற வீடு மாதிரித்தான் இருந்தது.

கோவில் வளாகம் எங்கள் தெருவுக்குப் பின்னால். ஏலத்தில் கேட்கிறவர்களின் குரல் எங்களுக்கு வராது. தானியேல் அண்ணன் ஒவ்வொரு கேள்வியையும் பெயரோடு திருப்பிச் சொல்வார், அது மட்டும் வரும். சேவல் போயிற்று. வாழைக்குலைகள் போயின. அதற்கப்புறம், "பங்களா அம்மா படைச்ச செவப்பு மீனு ரெண்டு!" என்று கேட்டது. மைனி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பீர் மைதீன், ஒரு ரூவா! ஸ்ரீவைகுண்டம் கிருபைராஜ், ஒண்ணேகால்!"

கிருபைராஜ் யார் என்று மைனி கேட்டாள். வாழைக்காய் மண்டிக்காரர், வருஷா வருஷம் வண்டி கட்டிக்கொண்டு வருவார் என்றேன். விலை ஏறிக்கொண்டே போனது. மைனியின் பிடியும் இறுகிக்கொண்டே போனது. கடைசியில், "பீர் மைதீன் ஒரு தரம்! ரெண்டு தரம்! மூணு தரம்!" என்று அண்ணனுடைய குரல் தெருவெல்லாம் கேட்டது. அந்த மூன்றாந்தரத்தில் சந்தோஷத்தை அவரால் மறைக்க முடியவில்லை. மைனி அழுதுகொண்டே சிரித்தாள். நிமிர்த்தி உட்கார வைக்கச் சொன்னாள். முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்த்தேன்.

அப்போது கைதட்டல் கேட்டது. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்கவில்லை.

"ஆண்டவருக்கே திரும்ப வந்த செவப்பு மீனு ரெண்டு!" என்றது குரல். அது அவர் குரல்தானா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. "கிருபைராஜ், ஒரு ரூவா!"

மைனி என்னைப் பார்த்தாள். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஜாடியைப் பார்த்தேன். அடுத்த கேள்வி வரவில்லை. யாரோ கேட்டிருக்க வேண்டும், அண்ணன் அதைத் திருப்பிச் சொல்லவில்லை. வெகுநேரம் கழித்து வந்தது இதுதான்.

"குடுத்தவரு கேக்கக் கூடாது!"

பிறகு, "கிருபைராஜ் ஒரு தரம். ரெண்டு தரம்." அங்கே நின்றுவிட்டது. வேப்பமரத்துக் காக்காய்ச் சத்தம்கூடக் கேட்டது. "மூணு தரம்."

முதலில் ஓடி வந்தது பீர் மைதீன். வாசற்படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்.

"எல்லாரும் கையத் தட்டுதாக, தாயி. ஐயரு எம் முகத்தப் பாத்துக் கேக்காரு, எடுத்துக்கிடுதீகளா, படைக்கிதீகளான்னு. நல்ல பொருள எடுத்தவுகள்லாம் படைச்சதத்தான் நான் வருசாவருசம் பாத்திருக்கேன். நான் வேத்து ஆளு. சாமிக்கு வச்சதத் தூக்கிட்டுப் போனான்னு ஒரு சொல்லு வந்துட்டா, அது தானியேலுக்குல்லா கொறச்சல்? அவரப் பாத்தேன். அவரு தரையப் பாத்தாரு. சரி, குடுத்துட்டு, எங் கைத்துட்டப் போட்டுத் திரும்ப எடுத்துருவோம்னு நெனச்சேன். இப்படி ஒரு சட்டம் இருக்குன்னு எனக்கு யாரு சொன்னா?"

அவர் மறுபடி கேட்டதும் பழைய ஆட்கள் இரண்டு பேர் முணுமுணுத்ததோடு சரி. ஊருக்குப் புதிதாக வந்த ஐயருக்குச் சட்டம் தெரியாது. அவர் அண்ணனுடைய முகத்தைப் பார்த்திருக்கிறார். உம் பெஞ்சாதிக்குத்தான் கேட்டேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிடட்டுமா என்று பீர் மைதீன் கண்ணாலேயே கேட்டாராம். அண்ணன் வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டார்.

எல்லோரும் போன பிறகுதான் அண்ணன் வந்தார். வாசலிலேயே நின்றார். மைனி சாய்ந்து உட்கார்ந்தபடியே இருந்தாள். பின்னிய தலையும் அப்படியே இருந்தது.

"ஊரு வாயெல்லாம் மூடிக்கிட்டுத்தான இருந்துச்சு" என்றாள். "ஒரே ஒரு தடவ நீங்களும் அந்த வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்லா?"

"ஒரு சட்டத்த வளச்சாச்சு, யூனிஸ். ரெண்டாவதயும் வளைக்கதுக்கு எனக்கு நாக்கு வரல."

மைனி தன்னைப் படுக்க வைக்கும்படி என்னிடம் சொன்னாள். சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கும் அன்றைக்கு அந்த மனுஷன்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நேர்மை, நேர்மை என்று இரண்டு மீனுக்குக் கூடவா ஒருவன் கட்டிக்கொண்டு அழுவான்? அவர் சாப்பிடாமல் ஜாடிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் என் கோபம் கொஞ்சம் இறங்கியது.

சித்திரை, வைகாசி போயும் மைனி அவரோடு பேசவில்லை. ஜாடியை எடுத்துவிடவா என்று ஒருநாள் கேட்டேன். வேண்டாம் என்றாள். நான் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தேன். ஆனி பிறந்தபோது ஜன்னல் வெளிச்சம் மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது என்றாள். சாரல் காற்று அடிக்கத் தொடங்கியபோது அதுவும் தெரியவில்லை என்று சொன்னாள். அழவில்லை. என்னால்தான் தாங்க முடியவில்லை, அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அதற்கப்புறம் ஒருநாள் வாசலில் வில்வண்டி நின்றது. ஸ்ரீவைகுண்டம் கிருபைராஜ் ஒரு மண்பானையை ஈரத்துணி சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினார். பாய் விற்க அந்தப் பக்கம் போன பீர் மைதீன், மண்டியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டிருக்கிறார். கிருபைராஜ் பெரிய சரீரக்காரர். அவ்வளவு பெரிய ஆள் வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியாமப் போச்சே, அண்ணாச்சி. வீட்ல பிள்ளையள் பாத்து வெளையாடட்டும்னு எடுத்தேன். ஒண்ணு செத்துப்போச்சு. ஒண்ணு இருக்கு."

"ஏலத்துல எடுத்தது உம்மது" என்று அண்ணன் ஆரம்பித்தார். எனக்கு அவரை அடிக்கலாம்போல இருந்தது.

உள்ளேயிருந்து மைனியின் குரல் வந்தது. அத்தனை நாளைக்குப் பிறகு அவரிடம் அவள் பேசியது அப்போதுதான். "சட்டம் பேசுனது போதும். வாங்கி உள்ள கொண்டாங்க."

மீனை ஜாடியில் விட்டோம். அது ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நடுவில் நின்று வாயைத் திறந்து திறந்து மூடியது. ஜன்னல் வெளிச்சத்தில் என்ன சிவப்பு! பார்த்துக்கொண்டு நின்ற நாங்கள் மூன்று பேரும் மைனியின் முகத்தைப் பார்க்க அஞ்சினோம். அவள் முகம் ஜாடி இல்லாத பக்கம் திரும்பியிருந்தது.

"எங்கன நிக்கி?" என்று கேட்டாள்.

"நடுவுல நிக்கி!" என்றார் அண்ணன். கோர்ட்டு வாசலில் கூப்பிடுகிற அதே குரலில்தான் வந்தது. வேறு குரல் அவரிடம் கிடையாது.

"ஏலமா போடுதீக? பையச் சொல்லுங்க. மீன் பயந்துக்கிடும்."

அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். இரண்டு மூன்று முறை ஆரம்பித்து நிறுத்தினார். பிறகு, "இப்பம் மேல வருது" என்றார், ரகசியம் சொல்கிறவர் மாதிரி. "இந்தா, உன் பக்கமா வருது. வாலு மெதுவா ஆடுது. திரும்பிருச்சு."

அன்றிலிருந்து கோர்ட்டு விட்டு வந்ததும் அதுதான் அவர் வேலை. விளக்கு ஏற்றுகிற நேரம் வரைக்கும் சொல்லிக்கொண்டிருப்பார். ஒட்டுச்சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு ஒன்றும் கேட்காது. அந்த வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்று என் வீட்டுக்காரருக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருநாள் மைனி என்னிடம், "கலியாணம் முடிச்சு இத்தன வருசத்துல அவுக குரலு இம்புட்டு நல்லா இருக்கும்னு எனக்குத் தெரியாது" என்றாள். மன்னித்துவிட்டாயா என்று நான் கேட்கவில்லை.

ஐப்பசி மழையில், ஆற்றில் வெள்ளம் போய்க்கொண்டிருந்த சமயம், யூனிஸ் மைனி போய்விட்டாள். நல்லடக்கத்துக்குக் கிருபைராஜும் வந்தார், பீர் மைதீனும் வந்தார். பீர் மைதீன் கல்லறைத் தோட்டத்துச் சுவரோரமாக நின்று அழுதார். அண்ணன் அழவில்லை. மூன்று பிடி மண் போட்டுவிட்டு நின்றார்.

மீன் இருந்தது. அண்ணன் தண்ணீர் மாற்றினார், பொரித்தூள் போட்டார். மாசியில் ஒரு நாள் சாயந்திரம் நான் எட்டிப் பார்த்தபோது, காலிக் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"அது பாட்டுக்கு அங்கனயும் இங்கனயும் போகுது, பாக்கியம்" என்றார். "நான் யார்ட்டச் சொல்ல?"

அடுத்து வந்த பங்குனிப் பண்டிகைக்கு ஜாடியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, தண்ணீர் சிந்தாமல் நடந்துபோய்ப் படைத்தார். ஏலத்தையும் அவரே போட்டார். குரல் பழைய மாதிரியே கணீரென்று இருந்தது. "ஜாடியோட செவப்பு மீனு ஒண்ணு!" என்று கூறினார். கிருபைராஜ் வாய் திறக்கவில்லை. பீர் மைதீனும் வாய் திறக்கவில்லை. நாசரேத்திலிருந்து விருந்துக்கு வந்திருந்த ஒரு குடும்பம் கேட்டது. ஒரு தரம், ரெண்டு தரம் என்று சொல்லிவிட்டு அண்ணன் நின்றார். இன்னும் யாராவது கேட்பார்கள் என்று காத்திருக்கிறார் என்று கூட்டம் நினைத்தது. அவர் ஜாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூன்றாந்தரம் சொன்னார். ஐயர் கேட்டார். அந்தக் குடும்பம் எடுத்துக்கொள்வதாகச் சொல்லி ஜாடியை வண்டியில் ஏற்றியது.

கூட்டம் கலைந்தபோது நான் அண்ணன் பக்கத்தில் நின்றேன். பீர் மைதீனும் வந்து நின்றார்.

"ஒரு கண்சாடை காட்டியிருந்தா நான் கேட்டு எடுத்து உம்ம கையில குடுத்திருப்பேனே, வே. அது உமக்கு வேண்டாமா?"

அண்ணன் வண்டி போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"குடுத்தவரு கேக்கக் கூடாது, வே" என்றார்.

அதைப் பையத்தான் சொன்னார். ஒட்டி நின்ற எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் கேட்டது.